தோல்விக்குப் பின்னும் தவக்குல்: காயிதே மில்லத் வாழ்வு தரும் பாடம்

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறேன்.

  

ஜும்ஆவில் நேரம் குறைவு. இகாமத்துக்கு முன் சொல்ல முடிந்ததைச் சொன்னோம். பள்ளிக்கு வந்தவர்கள் மீண்டும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளவும், அலுவலகத்திலும் வீட்டிலும் இருந்து வாசிக்கிறவர்கள் பயன் பெறவும், அதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இந்த வாரப் பொருள் தவக்குல். அதாவது, அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுதல். அதன் உடன்பிறப்பு ரஜா. அதாவது, அவனுடைய ரஹ்மத்தை எதிர்பார்த்திருத்தல். இந்த இரண்டு சொற்களும் நம் நாவில் அதிகம் புழங்குகின்றன. ஆனால் உள்ளத்தில் எவ்வளவு இருக்கின்றன? ஒரு கல்யாணத்துக்குப் போக மனமில்லாத இடத்தில் வருகிறேன் என்று சொல்லத் தயங்கி, இன்ஷா அல்லாஹ் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். கடையைத் திறக்கச் சோம்பலாக இருந்தால் ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது என்கிறோம். அதே ஆள், வேலை போய்விட்டது என்று ஒரு கடிதம் வந்தால், அல்லது வாட்ஸ்அப்பில் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு பயமுறுத்தும் செய்தி வந்தால், விடியும்வரை தூங்குவதில்லை. உழைக்க வேண்டிய இடத்தில் தவக்குல் பேசுகிறோம். தவக்குல் வேண்டிய இடத்தில் பதறுகிறோம்.

தவக்குல் தோற்றவர்களுக்கும் கட்டளையிடப்பட்டது

குர்ஆனில் ஆல இம்ரான் சூராவின் 159-வது வசனம் எப்போது இறங்கியது என்று பாருங்கள். உஹுத் போர் முடிந்த பிறகு. மதீனாவுக்குள் இருந்தே எதிரியைச் சந்திக்கலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. வெளியே சென்று எதிர்கொள்வோம் என்று தோழர்களில் பலரும், குறிப்பாக இளைஞர்கள், வற்புறுத்தினார்கள். மஷூராவை மதித்து நாயகம் (ஸல்) அவர்கள் வெளியே சென்றார்கள். முடிவு என்ன? சுமார் எழுபது தோழர்கள் ஷஹீதானார்கள். சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களையும் இழந்தார்கள். நாயகத்தின் திருமுகத்திலேயே காயம் பட்டது.

இப்படி ஒரு நிலையில் நாமாக இருந்தால் என்ன சொல்லுவோம்? இனிமேல் யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது என்போம். ஆனால் அல்லாஹ் தஆலா என்ன கட்டளையிட்டான்? அவர்களை மன்னிக்கும்படியும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படியும், மீண்டும் அவர்களிடமே ஆலோசனை கேட்கும்படியும், உறுதியான முடிவு எடுத்த பிறகு தன் மீதே பொறுப்புச் சாட்டும்படியும் ஏவினான்.

கவனியுங்கள் சகோதரர்களே! இந்தக் கட்டளை வெற்றி விழாவில் வரவில்லை. அடிபட்டு, இரத்தம் காயாமல் இருந்த ஒரு கூட்டத்துக்கு வந்தது. நினைத்தது நடக்கும் என்று நம்புவதற்கு நாம் தவக்குல் என்று பெயர் வைத்திருக்கிறோம். நினைத்தது நடக்காமல் போன மறுநாளும் அல்லாஹ்வை நம்பி அடுத்த அடியை எடுத்து வைக்கிறானே ஒரு முஃமின், அவனிடம் இருப்பதுதான் தவக்குல்.

முந்தைய வேதத்தாரும் அறிந்த பாடம்

இந்தப் பாடம் நமக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. மூஸா (அலை) அவர்கள் தம் சமூகத்தாரோடு கடற்கரையில் நிற்கிறார்கள். முன்னே கடல், பின்னே ஃபிர்அவ்னின் படை. அகப்பட்டுக்கொண்டோம் என்று மக்கள் அலறுகிறார்கள். அப்படியல்ல, என் இரட்சகன் என்னோடு இருக்கிறான், அவன் வழி காட்டுவான் என்ற உறுதியோடு நின்றார்கள் மூஸா (அலை). அஷ்ஷுஅரா சூராவில் நாம் ஓதும் இந்த வரலாற்றைத் தாம்பரத்தில் நம் பக்கத்து வீட்டில் இருக்கும் கிறிஸ்தவ சகோதரரும் தம் பைபிளில், யாத்திராகமத்தில் வாசிக்கிறார். மகனை இழந்து அழுது கண்பார்வை போன யஃகூப் (அலை) அவர்கள், அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்ற கருத்தைத் தம் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித் தேடி அனுப்பியதை யூஸுஃப் சூரா விவரிக்கிறது. யஃகூப், யூஸுஃப், பொறுமையின் சிகரமான அய்யூப் (அலை) ஆகியோரை அவர்களும் தங்கள் வேதத்தின் வழியாக அறிவார்கள். தாவூத் (அலை) அவர்களுக்கு ஸபூர் அருளப்பட்டது என்று நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். அவர்கள் சங்கீதம் என்று வாசிப்பதிலும் துன்பத்தில் இறைவனையே நம்பிக் காத்திருக்கும் கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. விவரங்களில் வேறுபாடு உண்டு. நமக்கு உரைகல் குர்ஆன்தான். ஆனால் இறைவனை நம்பியவன் கைவிடப்படுவதில்லை என்ற பாடம் எல்லா நபிமார்களும் கொண்டு வந்ததாகும்.

நபிமார்களின் வரலாற்றைச் சொன்னால் சிலருடைய மனம் என்ன சொல்கிறது? அவர்கள் நபிமார்கள், அவர்களுக்கு வஹீ வந்தது, நம்மால் முடியுமா என்று சொல்கிறது. ஆகவே வஹீ வராத, நம்மைப் போன்ற ஒரு மனிதரின் வாழ்வை இன்று பார்ப்போம். நம் பகுதியிலேயே, குரோம்பேட்டையில் குடியிருந்தவர். தமிழ் பேசியவர். கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் (ரஹ்) அவர்கள்.

பேட்டையில் தொடங்கிய வாழ்வு

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார்கள். தந்தை மார்க்கக் கல்வி உடையவர், துணி வணிகர். இஸ்மாயீல் சாஹிப் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள். பிறகு தாயார்தான் வளர்த்தார்கள். குர்ஆனையும் அரபியையும் சொல்லிக் கொடுத்தவரும் அந்தத் தாய்தான். எத்தீம் பிள்ளையின் வீட்டில் வருமானத்துக்கு வழி தேடுவதே பெரிய பாடு. ஆனால் அந்தத் தாய் பிள்ளையின் நெஞ்சில் முதலில் குர்ஆனை வைத்தார்கள். தாய்மார்களே! நீங்கள் வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு சமுதாயத்தின் தலைவர் உருவான முதல் மதரஸா ஒரு விதவைத் தாயின் மடி என்பதை மறந்துவிடாதீர்கள்.

பதிமூன்று வயதில், 1909-ல், பேட்டையில் இளைஞர்களைச் சேர்த்து ஒரு முஸ்லிம் வாலிபர் சங்கம் அமைத்தார்கள். 1918-ல் உலமாக்களை ஒன்றுசேர்க்கும் மஜ்லிஸுல் உலமா அமைவதற்கும் காரணமாக இருந்தார்கள். படிப்பு எங்கே தெரியுமா? திருநெல்வேலி இந்துக் கல்லூரி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இன்று நம் தாம்பரத்தில் காடுபோல் மரங்களுக்கு நடுவே இருக்கும் அதே கிறிஸ்தவக் கல்லூரிதான். அப்போது அது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-ல்தான் தாம்பரத்துக்கு வந்தது. இந்துக்களின் கல்லூரியிலும் கிறிஸ்தவர்களின் கல்லூரியிலும் படித்தார்கள். தாய் தந்த ஈமான் அசையவும் இல்லை, உடன் படித்தவர்களிடம் வெறுப்பு வளரவும் இல்லை.

1920-ல் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. ஆங்கிலேய ஆட்சியின் கல்வி நிலையங்களை விட்டு வெளியே வாருங்கள் என்ற அழைப்பு. பட்டம் கைக்கு எட்டும் நேரத்தில் படிப்பை விட்டார்கள். பட்டம் பெற்றால் அரசு உத்தியோகம் காத்திருந்த காலம் அது. பிறகு வணிகத்தில் இறங்கினார்கள். 1923-ல் தோல் வணிகத்தில் புகழ்பெற்ற ஜமால் குடும்பத்தில் திருமணம் நடந்தது. தோல், பருத்தி வணிகத்தில் உழைத்துச் சம்பாதித்தார்கள். ஒரு வாசல் அடைபட்டது என்று உட்காரவில்லை. அல்லாஹ்வை நம்பி வேறு வாசலைத் தட்டினார்கள். பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு கூட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில் வயிறு நிறைந்து திரும்புவதை நாயகம் (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உதாரணமாகச் சொன்னார்கள். பறவை கூட்டிலேயே இருந்துகொண்டு வயிறு நிறையவில்லை என்பதை ஆலிம்கள் எடுத்துக் காட்டுவார்கள். புறப்பட்டுப் போனது.

கடல் முன்னே, படை பின்னே

1946-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல். முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பெற்றது. இஸ்மாயீல் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்கள். பெரிய மரியாதை. அடுத்த ஆண்டே எல்லாம் மாறியது. 1947 ஆகஸ்டில் நாடு பிரிந்தது. வடக்கே இரத்தம் ஓடியது. செல்வாக்கு உள்ளவர்கள், பெரிய வணிகர்கள், தலைவர்கள் எனப் பலர் எல்லை தாண்டிப் போனார்கள். இங்கே இருந்தவர்களில் பலர் வேறு கட்சிகளுக்குப் போனார்கள், பலர் பேசாமல் ஒதுங்கினார்கள்.

1947 டிசம்பரில் கராச்சியில் அகில இந்திய முஸ்லிம் லீக்கின் கவுன்சில் கூடியது. இனி அங்கே ஓர் அமைப்பு, இங்கே ஓர் அமைப்பு என்று பிரிவதென முடிவாயிற்று. பாகிஸ்தானுக்கு லியாகத் அலி கான் அமைப்பாளர். இந்தியாவுக்கு இஸ்மாயீல் சாஹிப் அமைப்பாளர். இந்திய முஸ்லிம்களுக்காக அங்கிருந்து உதவி ஏதும் வேண்டாம், உங்கள் நாட்டில் வாழும் சிறுபான்மை மக்களை நல்லபடியாக நடத்துங்கள், அது போதும் என்ற கருத்தை அவர்கள் அங்கே சொல்லிவிட்டு வந்ததாக நம் சமுதாயத்தில் இன்றளவும் நினைவுகூர்கிறார்கள்.

கராச்சிக்குப் போனவர்களில் அங்கேயே தங்கியவர்கள் உண்டு. இவர்கள் திரும்பி வந்தார்கள். எதற்குத் திரும்பி வந்தார்கள்? பதவிக்கா? இங்கே அந்தப் பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சிய நேரம். 1948 ஜனவரி 30-ல் மகாத்மா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொதித்துப் போயிருந்தது. அந்தத் துயர நாளுக்கு நாற்பதே நாள் கழித்து, 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அறியும் சென்னை அரசினர் விருந்து மண்டபத்தில் கூட்டம் கூட்டினார்கள். நாடெங்கும் இருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். அமைப்பைக் கலைத்துவிடுவோம் என்ற கருத்தும் அங்கே எழுந்தது. அப்படிச் சொன்னவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. மூஸா நபியோடு கடற்கரையில் நின்றவர்களின் பயத்துக்கும் காரணம் இருந்தது அல்லவா?

இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் மஷூரா செய்தார்கள். எல்லாருடைய பேச்சையும் கேட்டார்கள். தொடர்வது என்று முடிவானது. அவர்களே தலைவராகத் தேர்வானார்கள். பிறகு அந்த அமைப்புக்கு இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயர் நிலைத்தது. ஆலோசனை, பிறகு உறுதி, பிறகு தவக்குல். ஆல இம்ரான் சூரா சொன்ன அதே வரிசை.

நான் இங்கே எந்தக் கட்சிக்காகவும் பேசவில்லை. மிம்பர் அதற்கான இடமும் அல்ல. அந்த முடிவு அரசியலில் சரியா, தவறா என்று வரலாறு படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். நாம் பார்ப்பது ஓர் உள்ளத்தை. எல்லாரும் கரையைத் தேடி ஓடும்போது, இந்த மண்ணில்தான் வாழ்வோம், அல்லாஹ் இருக்கிறான் என்று நின்ற உள்ளத்தை.

கைகள் உயரவில்லை

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். அல்லாஹ்வை நம்பி நின்றார்களே, உடனே வெற்றி வந்ததா? வரவில்லை.

இந்தியாவின் அரசியல் சாசனத்தை எழுதிய நிர்ணய சபையில் அவர்கள் உறுப்பினர். 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. எந்தச் சமூகத்துக்கும் தனியார் சட்டம் இருந்தால் அதைக் கைவிடும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு திருத்தம் கொடுத்தார்கள். ஏற்கப்படவில்லை. 1949 மே மாதம் சிறுபான்மையினரின் தேர்தல் உரிமை பற்றிய விவாதம் நடந்தது. தனித்தொகுதி வேண்டும் என்று வாதிட்டார்கள். ஏற்கப்படவில்லை. சமய அடிப்படையிலான இட ஒதுக்கீடும் கைவிடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம். பழமையும் வளமும்தான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என்று அந்தச் சபையில் எடுத்துரைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? பேசி என்ன பயன் என்று வீட்டில் இருந்துவிடுவோம். துஆ கேட்டேன், கிடைக்கவில்லை என்று ஒரு மாதத்தில் சலித்துவிடுகிறோமே! அவர்கள் அடுத்த அமர்வுக்கும் போனார்கள். அடுத்த விவாதத்திலும் எழுந்து நின்றார்கள். கூச்சல் இல்லை, வசவு இல்லை, யாரையும் புண்படுத்தும் சொல் இல்லை. எதிர்த்துப் பேசியவர்களோடும் மரியாதை குறையாமல் பழகினார்கள். 1952-ல் நாடாளுமன்றத்தின் மாநிலங்கள் அவைக்குப் போனார்கள், 1958 வரை அங்கே பணியாற்றினார்கள்.

சபையில் கைகள் உயராதது அவர்களுடைய தோல்வியா? எடுத்துச் சொல்வது அவர்களின் கடமை. மனங்களைத் திருப்புவது அல்லாஹ்வின் கையில் உள்ளது. நூஹ் (அலை) அவர்கள் 950 ஆண்டுகள் அழைத்தார்கள். சிலர்தான் வந்தார்கள். நூஹ் நபி தோற்றார்கள் என்று நம்மில் யாராவது சொல்லுவோமா?

குரோம்பேட்டை வாழ்வு

குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது என்பது நம் பகுதிப் பெரியவர்களுக்குத் தெரியும். பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் பதனிடும் வேலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. அந்தக் குரோம்பேட்டையில் தயா மன்ஸில் என்ற இல்லத்தில் காயிதே மில்லத் அவர்கள் வாழ்ந்தார்கள். மண்ணடி மரைக்காயர் லெப்பைத் தெருவில் லீக் அலுவலகம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் தொடங்கிய மின்சார ரயிலில் மற்றவர்களோடு மற்றவராகப் போய் வருவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் இன்று கூட்டத்தில் நெரிந்து போகிறோமே, அதே தண்டவாளம்தான்.

அகில இந்திய அமைப்பின் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர், ஆனால் எந்த அமைச்சர் பதவியிலும் ஒருநாளும் அமர்ந்ததில்லை. எளிமையான உடை, அளவான பேச்சு. இந்த எளிமைக்கும் தவக்குலுக்கும் என்ன தொடர்பு? இருக்கிறது. யார் கொடுப்பார்கள், யார் தருவார்கள் என்று மனிதர்களின் கையைப் பார்ப்பவனுக்குத்தான் பயம் அதிகம். தேவைகள் குறைந்தவனை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அல்லாஹ் போதும் என்று இருப்பவனிடம் பேரம் பேச என்ன இருக்கிறது?

அல்லாஹ் திறந்த வாசல்

1961-ன் இறுதியில் கேரளத்தில் லீக்குக்கு இருந்த கூட்டணியும் முறிந்தது. 1962 தேர்தலில் தனியாக நிற்க வேண்டிய நிலை. இஸ்மாயீல் சாஹிப் மலபாரில் மஞ்சேரி தொகுதியில் நின்றார்கள். தமிழர், பேட்டைக்காரர், மலையாள மண்ணில். அல்லாஹ் வெற்றியைத் தந்தான். 1967-லும், 1971-லும் அதே மஞ்சேரி மக்கள் அவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். மூன்று முறை.

அந்த 1962-ன் இறுதியில்தான் சீனப் போர் மூண்டது. இந்த நாட்டின் மீது உங்களுக்குப் பற்று இருக்கிறதா என்று சிலர் முஸ்லிம்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த காலம். தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்பத் தயார் என்று பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. ஒரே மகன். பிள்ளை பெற்றவர்களுக்கு அதன் கனம் தெரியும். அல்லாஹ்விடம் ஒப்படைத்தவனால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

1967-ல் தமிழகத்தில் அறிஞர் அண்ணா, ராஜாஜி ஆகியோருடன் கூட்டணியில் நின்றார்கள். ஆட்சி மாறியது. அதே ஆண்டு கேரளத்தில் லீக்கைச் சேர்ந்தவர்கள் அமைச்சர்கள் ஆனார்கள். 1969-ல் மலப்புறம் மாவட்டம் உருவானது. 1948-ல் கலைத்துவிடலாமா என்று யோசித்த கூட்டம், பத்தொன்பது ஆண்டுகளில் அமைச்சரவையில் உட்கார்ந்தது. இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல. பத்தொன்பது ஆண்டுகள் என்ற அந்தக் கணக்கைக் கவனியுங்கள். நாம் பத்தொன்பது நாள் பொறுக்கிறோமா?

அவர்கள் யாரோடு சேர்ந்து நடந்தார்கள் என்பதையும் பாருங்கள். அண்ணா வேறு கொள்கை, ராஜாஜி வேறு கொள்கை. ஹிஜ்ரத்தின்போது நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று இரவுகள் ஸவ்ர் குகையில் மறைந்திருந்தார்கள். வழிகாட்டியாக அமர்த்திக்கொண்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிம் அல்ல, ஆனால் நம்பிக்கையானவர், பாதை தெரிந்தவர். அல்லாஹ்வை நம்புகிறவன் மற்ற மனிதர்கள் எல்லாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மரணமும் பெயரும்

1972 ஏப்ரல் 5 அன்று அவர்கள் வஃபாத் ஆனார்கள். வயது 75. திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்தப் பள்ளிக்கு நீங்கள் போனால் கப்ருக்கு அருகில் நின்று ஸலாம் சொல்லி துஆ செய்யுங்கள்.

அண்ணா சாலையில் அவர்கள் பெயரில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. நம் மேடவாக்கத்தில் ஆண்கள் கல்லூரி இருக்கிறது. 1991-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் தலைவர்களின் பெயர்களை மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது அந்தப் பெயரும் போனது. பெயர்ப்பலகை வரும், போகும். அதற்காக அவர்கள் உழைக்கவில்லை. அல்லாஹ்விடம் எழுதப்பட்டது அழிவதில்லை.

நம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது

அன்பர்களே! வரலாறு கேட்டுவிட்டு எழுந்து போவதற்காக அல்ல. நம் பகுதியில் இன்று என்ன நடக்கிறது? பழைய மகாபலிபுரம் சாலை கம்பெனிகளில் வேலை செய்யும் தம்பிகள், எப்போது வேலை போகுமோ என்ற கலக்கத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்கடன் தவணை நெஞ்சை அழுத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, நினைத்த இடம் கிடைக்கவில்லை என்று அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறது. இந்த நாட்டில் நம் பிள்ளைகளின் எதிர்காலம் என்னாகும் என்ற கேள்வி டீக்கடையிலும் திண்ணையிலும் பேசப்படுகிறது. இந்தப் பயங்கள் பொய் என்று நான் சொல்லமாட்டேன். காரணம் இருக்கிறது. ஆனால் 1948-ல் இதைவிடப் பெரிய காரணம் இருந்தது.

வேலை போன தம்பியே! முதலில் ஒட்டகத்தைக் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்கு வழிகாட்டினார்கள். வேலைக்கு விண்ணப்பம் போடுவது ஒட்டகத்தைக் கட்டுவது. புதிய தொழிலைக் கற்பது ஒட்டகத்தைக் கட்டுவது. நடப்பதை வீட்டில் மனைவியிடம் மறைக்காமல் சொல்லி மஷூரா செய்வதும் அதில் சேரும். இதையெல்லாம் செய்துவிட்டு இரவு இரண்டு ரக்அத் தொழுது, அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கு. பட்டத்தை விட்டுவிட்டு வணிகத்தில் இறங்கிய அந்தப் பேட்டை இளைஞரை நினைத்துக்கொள்.

நோயாளிகளுக்கும் ஒரு சொல். தாம்பரம் சானடோரியத்தில் 1928 முதல் நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பவர் தவக்குல் வைத்தவர் அல்ல. மருந்தையும் நோயையும் படைத்தவன் ஒருவனே. மருத்துவம் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். கடைசி மாத்திரைவரை சாப்பிடுங்கள், ஷிஃபாவை அல்லாஹ்விடம் கேளுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா? முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று நீர் வீடுகளுக்குள் புகுந்தது. மாடியில் நின்றவர்களுக்கு யார் படகு கொண்டுவந்தார்கள், யார் சோறு கொண்டுவந்தார்கள்? பெயர் கேட்காமல், மதம் கேட்காமல் மனிதர்கள் வந்தார்கள். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து வைத்தன, கோயிலும் சர்ச்சும் திறந்து வைத்தன. அல்லாஹ்வின் உதவி எந்தக் கை வழியாக வரும் என்று நாம் முடிவு செய்ய முடியாது. ஆகவே பக்கத்து வீட்டாரைப் பகையாகப் பார்க்கும்படி நம்மைத் தூண்டும் எந்தச் செய்தியையும் நம்பாதீர்கள், மற்றவருக்கு அனுப்பாதீர்கள். பயத்தைப் பரப்புவது தவக்குலுக்கு எதிரானது.

தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளையின் பெற்றோரே! பிள்ளையைத் திட்டாதீர்கள். சபையில் மூன்று முறை கைகள் உயராத மனிதர்தான் பிறகு மூன்று முறை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அப்படி வெற்றி வராமலே போனாலும், அல்லாஹ்வுக்காகச் செய்த உழைப்பில் ஒரு துளியும் வீணாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏனெனில் எல்லாருக்கும் 1962 வருவதில்லை. சிலருக்குக் கூலி மறுமையில்தான். ஹம்ஸா (ரலி) அவர்கள் மக்கா வெற்றியைப் பார்க்கவில்லை. அதனால் அவர்களுடைய தவக்குல் குறைந்துவிட்டதா?

யா அல்லாஹ்! உன்னையன்றி யாரையும் அஞ்சாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களிலிருந்து விரக்தியை நீக்குவாயாக! வேலை இழந்தவர்களுக்கு ஹலாலான ரிஸ்கின் வாசலைத் திறப்பாயாக! நோயுற்றவர்களுக்கு முழுமையான ஷிஃபாவை அருள்வாயாக! நாங்கள் வாழும் இந்த நாட்டில் எல்லா மக்களுக்கும் அமைதியையும் பாதுகாப்பையும் நல்லிணக்கத்தையும் தருவாயாக! காயிதே மில்லத் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்கி, அவர்களின் பணிகளை ஏற்றுக்கொள்வாயாக! தோல்வியிலும் உன்னையே நம்பி அடுத்த அடி வைக்கும் கூட்டத்தில் எங்களைச் சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.